பிராக் நகரில் அச்சான பத்துப் பக்கங்கள்: விடை முழுமையாகக் கிடைக்காத ஒரு கேத்திரகணிதக் கேள்வியின் வரலாறு

1939ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி ஹிட்லரின் படைகள் பிராக் நகருக்குள் நுழைந்தன. செக்கொஸ்லவாக்கியா என்ற நாடு வரைபடத்திலிருந்து அகற்றப்பட்டது. அந்த ஆண்டைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்கள் படைகளின் நகர்வு குறித்தும், உடன்படிக்கைகள் குறித்தும், அவற்றை மீறியோர் குறித்தும் ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதியுள்ளனர். ஆனால் அதே ஆண்டில் அதே பிராக் நகரின் கணித சஞ்சிகை ஒன்றின் 68ஆவது தொகுதியில் வெளியான பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றைப் பற்றிக் கணித அறிஞர்களைத் தவிர வேறு எவரும் பேசுவதில்லை.

அக்கட்டுரை ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதனை எழுதியவரோ ஜேர்மனியில் வாழ முடியாது வெளியேறிய ஒரு யூதர். பெயர் குர்ட் மாலர். அக்கட்டுரையில் அவர் ஒரு கேள்வியை முன்வைத்தார். அந்தப் பத்துப் பக்கங்கள் அச்சான நகரை ஆக்கிரமித்த அரசு ஆறு ஆண்டுகளில் அழிந்தொழிந்தது. கேள்வியோ எண்பது ஆண்டுகளைக் கடந்தும் முழுமையான விடையின்றி நிற்கிறது.

கணிதம் பற்றி எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் கலைப்பீடத்தில் கற்றவன். கேத்திரகணிதத்துடனான எனது உறவு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையுடன் முடிந்துபோனது. ஆயினும் மாலரின் கேள்வி, சதுரத்தின் பரப்பளவைக் காணத் தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடியது. அதனைச் சுற்றியுள்ள மனிதர்களின் கதையோ, ஒரு பத்திரிகையாளன் எழுதாமல் விடக்கூடாத கதை.

தொழிற்சாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

குர்ட் மாலர் 1903ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி, ரைன் நதிக்கு அண்மையிலுள்ள கிரேஃபெல்ட் நகரில் பிறந்தார். தந்தையார் அச்சுத் தொழிலிலும் புத்தகம் கட்டும் தொழிலிலும் ஈடுபட்டிருந்தவர். ஐந்து வயதில் மாலரைக் காசநோய் பற்றியது. அது அவரது வலது முழங்காலைத் தாக்கியது. வாழ்நாள் முழுவதும் அவர் சுமக்க நேர்ந்த துன்பம் அது.

நோயின் காரணமாக அவர் பாடசாலைக்குச் சென்ற காலம் நான்கு ஆண்டுகள் மட்டுமே. பின்னர் ஆரம்பத் தொழில்நுட்பக் கல்வி பெற்று, ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தொழில் பயிலச் சேர்ந்தார். வரைபடப் பிரிவில் ஓராண்டு, பட்டறையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அக்காலத்தில் மாலைப் பொழுதுகளில் தாமாகவே கணித நூல்களைத் தேடிக் கற்றார். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் உயர்கணிதத்தை, பாடசாலைக் கல்வியே முடிக்காத அந்த இளைஞர் தனித்திருந்து கற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

மகன் எழுதிய குறிப்புகளைத் தந்தையார் உள்ளூர்ப் பாடசாலை அதிபரிடம் காட்டினார். அவர் கணிதம் அறிந்தவர். குறிப்புகளின் பெறுமதியை உணர்ந்து, கொட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்த புகழ்பெற்ற பேராசிரியர் பீலிக்ஸ் கிளைனுக்கு அவற்றை அனுப்பிவைத்தார். கிளைன் அவற்றை இளம் அறிஞரான கார்ல் லுட்விக் சீகலிடம் கொடுத்தார். சீகலின் ஊக்கத்தினால் மாலர் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியெய்தி, 1923இல் பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1925இல் கொட்டிங்கன் சென்றார். 1927இல் பிராங்க்ஃபர்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதிபர் ஒருவரின் கவனமும், முன்பின் அறியாத இளைஞனின் கையெழுத்துப் பிரதியைப் பேராசிரியர் ஒருவர் பொறுமையுடன் பார்த்ததுமே இத்தனைக்கும் காரணமாயின. அத்தகைய ஒரு கல்விச் சமூகத்தையே அடுத்த சில ஆண்டுகளில் ஜேர்மனி தனது கையாலேயே சிதைத்தது.

1933இல் மாலருக்கு முதலாவது உத்தியோகம் கிடைத்தது. கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உதவியாளர் பதவி. அவர் அதனைப் பொறுப்பேற்பதற்கு முன்னரே ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். யூதர்களுக்கு இனி அங்கே இடமில்லை என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்ட மாலர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

எஞ்சியிருந்த அவரது ஆசிரியர்களுக்கு நேர்ந்தது என்ன? பிராங்க்ஃபர்ட்டில் கற்பித்த ஏர்ன்ஸ்ட் ஹெலிங்கர் 1938 நவம்பரில் கைதுசெய்யப்பட்டு டாக்கௌ வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டு அமெரிக்கா சென்றார். மக்ஸ் டேன் நோர்வேக்குத் தப்பி, அங்கிருந்து சைபீரியா வழியாக உலகத்தின் பாதியைச் சுற்றி அமெரிக்காவை அடைந்தார். போல் எப்ஸ்டைன் ஹிட்லரின் இரகசியப் பொலிசாரின் அழைப்பாணை கிடைத்ததும் 1939 ஓகஸ்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். யூதரல்லாத சீகலும் அந்த ஆட்சியின் கீழ் வாழ மனமின்றி 1940இல் வெளியேறினார்.

கேள்வி என்ன?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். சற்றுப் பொறுமையுடன் வாசித்தால், ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டு எவரும் இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஓர் உருவத்துக்குள் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்து நேர்கோட்டால் இணைத்தாலும் அக்கோடு முழுவதும் உருவத்துக்கு உள்ளேயே இருக்குமாயின் அதனைக் குவிவான உருவம் என்பர். வட்டம், சதுரம், முட்டை வடிவம் ஆகியன குவிவானவை. பிறை வடிவம் அவ்வாறானதல்ல. அதன் இரு நுனிகளையும் இணைக்கும் கோடு வெளியே செல்கிறது. இவற்றுள்ளும், மையத்தின் ஒரு பக்கத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நேரெதிர்ப் பக்கத்தில் அதே தூரத்தில் ஒரு புள்ளியைக் கொண்ட உருவங்களை மட்டும் இங்கே கருதுவோம். அவற்றைச் சமச்சீர் உருவங்கள் என்று அழைப்போம்.

இத்தகைய ஒவ்வோர் உருவத்துக்கும் ஓர் இணை உண்டு. ஆங்கிலத்தில் அதனைப் 'போலார்' என்பர். இக்கட்டுரையில் 'எதிருரு' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். அதனை அமைக்கும் முறை எளிது. மையத்திலிருந்து உருவத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ள செங்குத்துத் தூரத்தை அளவுங்கள். தூரம் 2 ஆயின், அதே திசையில் மையத்திலிருந்து 1/2 தூரத்தில் ஒரு புள்ளி இடுங்கள். தூரம் 3 ஆயின் 1/3 தூரத்தில் இடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் இவ்வாறு செய்து புள்ளிகளை வரிசையாக இணைத்தால் எதிருரு கிடைக்கும். பக்கங்கள் முனைகளாகின்றன. விரிந்தது சுருங்குகிறது. சுருங்கியது விரிகிறது. எதிருருவின் எதிருருவை அமைத்தால் மீண்டும் பழைய உருவமே வரும்.

இதோ ஓர் உதாரணம். பக்கம் 2 ஆகவுள்ள சதுரத்தின் பரப்பளவு 4. மையத்திலிருந்து பக்கங்களுக்குள்ள தூரம் 1. ஆகவே நான்கு திசைகளிலும் 1 தூரத்தில் புள்ளிகள் அமையும். அவற்றை இணைத்தால் சாய்ந்து நிற்கும் சிறிய சதுரம் ஒன்று கிடைக்கும். அதன் பரப்பளவு 2. இரண்டு பரப்பளவுகளையும் பெருக்கினால் 8. இப்போது சதுரத்தை இருமடங்கு பெரிதாக்குவோம். பரப்பளவு 16 ஆகும். எதிருருவின் பரப்பளவோ 1/2 ஆகச் சுருங்கும். பெருக்கம் மீண்டும் 8. சதுரத்தை நீட்டி, நீளம் 6, அகலம் 2 உடைய செவ்வகமாக்குவோம். பரப்பளவு 12. எதிருரு ஒரு சாய்சதுரம், அதன் பரப்பளவு 2/3. பெருக்கம் அப்போதும் 8.

எவ்வளவு பெரிதாக்கினாலும், சிறிதாக்கினாலும், சீராக நீட்டினாலும், சாய்த்தாலும் இந்தப் பெருக்கம் மாறுவதில்லை. உருவத்தின் அளவை அது பொருட்படுத்துவதில்லை. அது காட்டுவது உருவத்தின் தன்மையை மட்டுமே.

ஒழுங்கான அறுகோணிக்கு இப்பெருக்கம் 9. எண்கோணிக்கு ஏறத்தாழ 9.37. வட்டத்துக்கு π இன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 9.87. உருவம் கூர்மையாக இருக்கும்போது பெருக்கம் குறைகிறது. மழுங்கி உருண்டையாகும்போது அதிகரிக்கிறது. முப்பரிமாணத்தில் பரப்பளவுக்குப் பதிலாகக் கனவளவை எடுத்துக்கொள்ள வேண்டும். கோளத்துக்கு இப்பெருக்கம் ஏறத்தாழ 17.55. சதுரமுகியின் எதிருரு, இரண்டு கூம்பகங்களை அடியோடு அடி ஒட்டியது போன்ற எண்முகி. அவற்றின் கனவளவுகளின் பெருக்கம் 32/3, அதாவது ஏறத்தாழ 10.67.

ஆகவே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்தப் பெருக்கம் எவ்வளவு உயரலாம்? எவ்வளவு தாழலாம்? உயர்ந்த எல்லையில் கோளமும், தாழ்ந்த எல்லையில் சதுரமுகியும் நிற்கின்றன என்றே கண்ணுக்குத் தோன்றுகிறது. அது உண்மைதானா, இரண்டு, மூன்று பரிமாணங்களில் மட்டுமன்றி எத்தனை பரிமாணங்களிலும் உண்மைதானா என்பதை நிறுவ வேண்டும்.

முழங்காற் சில்லை இழந்தவரின் ஆய்வு

மாலர் இக்கேள்வியைப் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. ஹேர்மன் மின்கோவ்ஸ்கி என்ற அறிஞர் 1896இல் வெளியிட்ட நூலின் மூலம் 'எண்களின் கேத்திரகணிதம்' என்ற துறை உருவாகியிருந்தது. முழுவெண்களைப் பற்றிய கேள்விகளை, கட்டக்காகிதத்தில் உள்ளது போன்ற ஒழுங்கான புள்ளிக் கூட்டத்தின் மீது வைத்த உருவங்களைப் பற்றிய கேள்விகளாக மாற்றுவது அதன் வழி. ஒரு சமச்சீர் உருவத்தின் பரப்பளவு 4ஐ விஞ்சுமாயின் அது மையம் தவிர்ந்த வேறொரு புள்ளியையும் கட்டாயம் உள்ளடக்கும் என்பது அத்துறையின் அடித்தளத் தேற்றம். மின்கோவ்ஸ்கி கற்றதும் சிலகாலம் கற்பித்ததும், மாலருக்கு உத்தியோகம் கிடைத்தும் போக முடியாத அதே கோனிக்ஸ்பேர்க்கில்தான் என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஓர் உருவத்தைப் பற்றி அறிந்ததை அதன் எதிருருவைப் பற்றிய அறிவாக மாற்ற முடியுமா என்று மாலர் ஆராய்ந்தார். அவ்வாறு மாற்றுவதற்கு இரண்டின் கனவளவுகளையும் பிணைக்கும் எல்லைகள் தேவைப்பட்டன. அங்கிருந்தே அவரது கேள்வி பிறந்தது.

அந்த ஆண்டுகளில் அவரது வாழ்க்கை எவ்வாறிருந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஜேர்மனியிலிருந்து வெளியேறியவர் முதலில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பேராசிரியர் லூயிஸ் மொர்டெலின் ஆதரவில் ஓராண்டு தங்கினார். பின்னர் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இரண்டு ஆண்டுகள். 1936இல் அங்கே துவிச்சக்கரவண்டி ஒன்று மோதியதில் பழைய காசநோய் மீண்டும் முழங்காலில் தலைதூக்கியது. பல சத்திரசிகிச்சைகளின் பின்னர் முழங்காற் சில்லை அகற்ற நேர்ந்தது. அவர் மீண்டும் நடக்கப் பழக வேண்டியிருந்தது. வலியைத் தணிக்கக் கொடுத்த மோர்பீன் தமது மூளையை மந்தமாக்கிவிட்டதா எனப் பரீட்சிக்க விரும்பி, 1, 2, 3, 4 என எண்களைத் தொடர்ச்சியாகத் தசமப் புள்ளிக்குப் பின்னால் எழுதிவரும் எண்ணைப் பற்றிய கடினமான தேற்றம் ஒன்றை அக்காலத்தில் நிறுவினார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

1937இல் அவர் மீண்டும் மான்செஸ்டர் திரும்பினார். நிரந்தர உத்தியோகம் எதுவும் இல்லை. சீனாவில் சிச்சுவான் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல எண்ணிச் சீன மொழியைக் கற்கத் தொடங்கினார். யுத்தம் மூண்டதால் அப்பயணமும் நடைபெறவில்லை.

இந்த நிலையில்தான் 1939இல் அவரது இரண்டு கட்டுரைகள் வெளியாகின. நெதர்லாந்துச் சஞ்சிகை ஒன்றில் வெளியான கட்டுரை தளவுருவங்களை ஆராய்ந்தது. சமச்சீர்த் தளவுருவங்களுக்கு அப்பெருக்கம் ஒருபோதும் 8க்குக் கீழே செல்லாது என்று அவர் அதில் நிறுவினார். பல்கோணியின் முனைகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே சென்று, இறுதியில் சதுரத்தை வந்தடைவது அவரது வழி. பிராக் நகரில் வெளியான மற்றக் கட்டுரை எல்லாப் பரிமாணங்களுக்குமானது. அதில் அவரால் தளர்வான எல்லைகளை மட்டுமே நிறுவ முடிந்தது. முப்பரிமாணத்தில், பெருக்கம் ஏறத்தாழ 1.78க்கும் 64க்கும் இடையே இருக்கும் என்பதே அவர் நிறுவியதன் பொருள். உண்மையான தாழ்ந்த எல்லை சதுரமுகிக்குரிய 10.67 ஆகவே இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். அதுவே இன்று 'மாலரின் ஊகம்' என அழைக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டு, 1940இல், பிரித்தானிய அரசு அவரைத் தடுத்துவைத்தது. காரணம், அவர் ஜேர்மன் பிரசை. அதாவது எதிரி நாட்டவர்! ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கான யூதர்கள் இவ்வாறு முட்கம்பி வேலிகளுக்குள் அடைக்கப்பட்டனர். மாலர் மூன்று மாதங்கள் தடுப்பு முகாமில் இருந்தார். பிறந்த நாட்டுக்கு அவர் யூதர். புகலிடம் தந்த நாட்டுக்கு அவர் ஜேர்மனியர். அகதி வாழ்வின் இந்த அவலத்தை விளக்கவுரையின்றியே புரிந்துகொள்ளக்கூடிய வாசகர்கள் நம்மிடையே ஏராளம்.

உயர்ந்த எல்லையும் இன்னோர் அகதியும்

கேள்வியின் மறுபாதி, அதாவது பெருக்கம் எவ்வளவு உயரலாம் என்பது, வேறு வழியில் விடை கண்டது. அதன் வரலாற்றிலும் அரசியல் குறுக்கிடுகிறது.

வில்ஹெல்ம் பிளாஷ்கே என்ற ஒஸ்திரிய அறிஞர், மாலர் பாடசாலை வயதினராக இருந்த 1917இலேயே, இரண்டு, மூன்று பரிமாணங்களில் உயர்ந்த எல்லையைக் கண்டறிந்திருந்தார். தளத்தில் வட்டமும், அதனை நீட்டிப் பெறும் நீள்வளையமும், வெளியில் கோளமும் அதன் நீட்டிய வடிவங்களுமே உச்சத்தில் நிற்கின்றன என்று அவர் காட்டினார். பின்னர் ஹம்பேர்க்கில் பேராசிரியராக இருந்த அவரிடம், 1930களின் நடுப்பகுதியில் ஸ்பெயினின் கட்டலோனியப் பிரதேசத்திலிருந்து ஒரு மாணவர் வந்து கற்றார். அவர் பெயர் லூயிஸ் சந்தலோ. 1911இல் ஜிரோனா நகரில் பிறந்தவர்.

குருவும் சீடரும் சென்ற பாதைகள் வேறுபட்டன. 1937இல் பிளாஷ்கே நாஸிக் கட்சியில் சேர்ந்தார். அதே காலத்தில் சந்தலோ ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில், பாசிசத்துக்கு எதிராகப் போரிட்ட குடியரசின் விமானப்படையில் பணியாற்றினார். 1939இல் குடியரசு வீழ்ந்தது. இலட்சக்கணக்கானோர் பிரெனீஸ் மலைகளைக் கடந்து பிரான்சுக்குள் தஞ்சம் புகுந்தனர். சந்தலோவும் அவர்களில் ஒருவர். பிரான்ஸ் அவர்களை முகாம்களில் அடைத்தது. ஆர்ஜென்டீனாவிலிருந்த ஸ்பானியக் கணித அறிஞர் ஜூலியோ ரேய் பாஸ்டரின் உதவியினால் அவர் அந்நாட்டை அடைந்து ரொசாரியோ நகரில் பணியில் சேர்ந்தார். அங்கிருந்த கணித நிறுவனத்தின் பணிப்பாளர் பெப்போ லேவியும் ஓர் அகதியே. முசோலினியின் இனச் சட்டங்களினால் இத்தாலியில் பதவி இழந்தவர் அவர்.

அந்த ரொசாரியோ நகரிலிருந்தே சந்தலோ தமது குருவின் வேலையை முன்னெடுத்தார். 1949இல் போர்த்துக்கல் நாட்டுச் சஞ்சிகை ஒன்றில் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட கட்டுரையில், எத்தனை பரிமாணங்களிலும் உயர்ந்த எல்லை கோளத்துக்குரியதே என்று நிறுவினார். கணித உலகில் அது இன்று 'பிளாஷ்கே-சந்தலோ சமனிலி' என்று இரு பெயர்களையும் இணைத்தே அழைக்கப்படுகிறது. ஆட்சியுடன் சேர்ந்து நின்ற குருவின் பெயரும், நாடிழந்த சீடரின் பெயரும் ஒரே தேற்றத்தில் பிரிக்க முடியாதவாறு இணைந்துவிட்டன. தேற்றங்களுக்குப் பெயர் சூட்டும் மரபு எவருடைய அரசியலையும் விசாரிப்பதில்லை. அந்த வேலை வரலாற்றுக்கு உரியது.

தாழ்ந்த எல்லை ஏன் பிடிபடவில்லை?

உயர்ந்த எல்லை கைவசமான பின்னரும் தாழ்ந்த எல்லை பிடிகொடுக்கவில்லை. காரணத்தை இவ்வாறு விளக்கலாம். எந்த உருவத்தையும் படிப்படியாகச் சீர்செய்து கோளத்தை நோக்கிக் கொண்டுசெல்லும் வழிமுறைகள் கேத்திரகணிதத்தில் உண்டு. ஒவ்வொரு படியிலும் பெருக்கம் குறையாது என்று காட்டினால் போதும், விடை கிடைத்துவிடும். உச்சி ஒன்றே. எல்லாப் பாதைகளும் அங்கேயே செல்கின்றன.

தாழ்ந்த எல்லையின் நிலை அவ்வாறன்று. சதுரமுகி மட்டும் அங்கே நிற்கவில்லை. எண்முகிக்கும் அதே பெருக்கம்தான். நான்கு பரிமாணங்களில் இவ்வாறு அடிமட்டத்தில் நிற்கும் உருவங்கள் நான்கு அறியப்பட்டுள்ளன. ஐந்து பரிமாணங்களில் எட்டு. 1956இல் ஒலொஃப் ஹானர் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் ஆராய்ந்த உருவங்கள் இவை. பரிமாணம் கூடக்கூட இவற்றின் எண்ணிக்கையும் பெருகுகிறது. மலையில் ஏறுபவனுக்கு உச்சி எங்கே என்பது தெரியும். பள்ளத்தாக்கில் இறங்குபவனுக்கோ ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல குழிகள் எதிர்ப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வழி அகப்படவில்லை.

எனினும் முயற்சிகள் ஓயவில்லை. 1981இல் பிரான்ஸைச் சேர்ந்த சான்-ரேமோன், ஒவ்வோர் அச்சின் குறுக்காகவும் கண்ணாடியில் போலப் பிரதிபலிக்கும் உருவங்களுக்கு மாலரின் ஊகம் சரியே என்று நிறுவினார். 1987இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான் பூர்கேனும், சோவியத் ஒன்றியத்திலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த விட்டாலி மில்மனும் ஒரு பெரும் பாய்ச்சலை நிகழ்த்தினர். பரிமாணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான காரணியை மட்டும் விட்டுக்கொடுத்தால் மாலர் கூறியது எல்லாப் பரிமாணங்களிலும் உண்மை என்று அவர்கள் காட்டினர். அந்தக் காரணியின் பெறுமானம் என்ன என்பது மட்டும் தெளிவாகவில்லை. 2008இல் அமெரிக்கரான கிரெக் கூப்பர்பேர்க் அதற்கு நல்லதொரு பெறுமானத்தைக் கொடுத்தார். அது π/4. அந்தப் பெறுமானத்தை மட்டும் கொண்டு கணித்தால் முப்பரிமாணத்தில் எல்லை ஏறத்தாழ 5.17. மாலர் நிறுவிய 1.78 இலிருந்து அது நெடுந்தூரம். ஆயினும் 10.67க்கு அது பாதிவழி கூட இல்லை.

முப்பரிமாணத்துக்கான முழு விடை ஜப்பானிலிருந்து வந்தது. ஹிரோஷி இரியே, மசடக்கா ஷிபட்டா ஆகிய இருவரும் 2017இல் அறிவித்த நிறுவல், 2020இல் சஞ்சிகையில் வெளியானது. அவர்களது அடிப்படைக் கருத்து வியப்பூட்டும் எளிமை உடையது. மையத்தினூடாகச் செல்லும் மூன்று தளங்களினால் உருவத்தை எட்டுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். கண்டபடி அல்ல. துண்டுகளின் கனவளவுகளும், வெட்டுமுகத்தின் கால்பகுதிகளின் பரப்பளவுகளும் தம்முள் சமமாகுமாறு வெட்ட வேண்டும். அத்தகைய வெட்டு எப்போதும் சாத்தியம் என்பதை நிறுவுவதிலேயே சிரமம் இருந்தது. பின்னர் ஐவர் கொண்ட ஆய்வாளர் குழு ஒன்று அதே நிறுவலைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதிக் காட்டியது. நமது கையில் வைத்துப் பார்க்கக்கூடிய திண்மங்களுக்கு மாலர் கூறியது சரி என்பது, அவர் கூறி எண்பது ஆண்டுகள் அளவில் உறுதியானது.

நான்கும் அதற்கு மேற்பட்டதுமான பரிமாணங்களுக்கான பொதுவான நிறுவல் இன்னும் இல்லை. 2014இல் மூன்று ஆய்வாளர்கள் இன்னொரு வழியைச் சுட்டினர். பொறியியக்கத்துடன் தொடர்புடைய கேத்திரகணிதத்தில் கிளோட் விட்டேர்போ 2000ஆம் ஆண்டில் முன்வைத்த ஊகம் உண்மையானால், மாலரின் ஊகமும் தானாகவே உண்மையாகும் என்று அவர்கள் காட்டினர். பலரும் அந்த வழியில் நம்பிக்கை வைத்தனர். ஆனால் 2024இல், அந்த மூவரில் ஒருவரான யாரோன் ஒஸ்ட்ரோவரே, பாசிட் ஹைம்-கிஸ்லெவுடன் இணைந்து விட்டேர்போவின் ஊகம் அதன் பொதுவடிவில் தவறு என்று நிறுவினார். தாமே கட்டிய பாலத்தின் ஒரு தூணைத் தாமே சோதித்து, அது தாங்காது என்று பகிரங்கமாக அறிவிப்பது எல்லாத் துறைகளிலும் காணக்கூடிய பண்பன்று. அதனால் மாலரின் ஊகம் வீழ்ந்துவிடவில்லை. அதனை நோக்கிய ஒரு பாதை குறுகியது, அவ்வளவே.

எஞ்சியிருப்பது

மாலர் 1946இல் பிரித்தானியப் பிரசையானார். 1948இல் லண்டன் றோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1963இல் அவுஸ்திரேலியாவின் கான்பெரா நகருக்குச் சென்று தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இடையில் சில ஆண்டுகள் அமெரிக்காவின் ஒஹாயோவில் கழித்துவிட்டு, மீண்டும் கான்பெராவுக்கே திரும்பினார். 1988 பெப்ரவரி 25ஆம் திகதி அங்கேயே காலமானார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு அவுஸ்திரேலியக் கணிதச் சங்கம் அவரது பெயரில் ஒரு விரிவுரைத் தொடரை நடத்தி வருகிறது. சந்தலோ 2001இல் புவனஸ் அயர்ஸ் நகரில் மறைந்தார். பிளாஷ்கே 1945இல் பதவி நீக்கப்பட்டபோதும் மறுவருடமே மீண்டும் அமர்த்தப்பட்டு, 1962இல் ஹம்பேர்க்கில் இறந்தார்.

அகதிகளைப் பற்றிப் பேசும்போது உலகம் வழக்கமாக எண்ணிக்கைகளைப் பேசுகிறது. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேருக்கு இடமளிப்பது, எவ்வளவு செலவாகும் என்பவையே கணக்கு. முப்பது வருடங்களாகச் செய்தி எழுதியவன் என்ற வகையில் நானும் அக்கணக்குகளை எழுதியிருக்கிறேன். அக்கணக்குகளில் சேராத ஒன்று உண்டு. வந்தவர் தமது தலைக்குள் எதனைக் கொண்டுவந்தார் என்பதே அது. 1940இல் மாலரைப் பதிவுசெய்த அதிகாரி, பெயர், பிறந்த இடம், பிரசாவுரிமை ஆகியவற்றைக் கேட்டிருப்பார். கேட்டதில் தவறில்லை. அவருக்கு முன்னால் நொண்டியபடி வந்து நின்ற, நிரந்தர உத்தியோகமற்ற அந்த மனிதர், உலகின் தலைசிறந்த மூளைகளை அடுத்த எண்பது வருடங்களுக்கு உழைக்கவைக்கும் ஒரு கேள்வியின் சொந்தக்காரர் என்பது எந்தப் படிவத்திலும் பதிவாகியிருக்காது.

பக்கம் 2 ஆகவுள்ள ஒரு சதுரத்தை வரையுங்கள். உள்ளே அதன் எதிருருவை வரையுங்கள். பரப்பளவுகளைப் பெருக்குங்கள். 8 என்ற விடை எவருக்கும் வரும். மூன்று பரிமாணங்களில் ஜப்பானியர் இருவர் விடை கண்டுவிட்டனர். நான்காவது பரிமாணத்தின் வாசலில் மாலரின் கேள்வி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு விடை காணப்போகிறவர் இப்போது எந்த நாட்டில், எந்தப் பாடசாலையில், அல்லது பாடசாலையே இல்லாத எந்த முகாமில் இருக்கிறாரோ, யார் அறிவார்?